தலைவர் வீட்டுக் கூடத்தில் ஆறு

"முகவரியைச் சரியாத்தான் போட்டிருக்கேன். பதிலே வரமாட்டேங்குது!" என்று குஸ்னாடி கணினியை முறைத்தான்.

மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் அவன். மாவட்டத் தலைவர் பாக் சுபகியோ (இந்தோனேசியாவில் ஐயா 'பாக்', அம்மா 'இபு') வந்துகொண்டிருந்தார். இந்த வருஷம் ஆற்றுக்கு எந்த இடத்தில் கரை கட்டுவது என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு சொல்லப்போகிறார். தெருவும் வீடுகளும் ஓர் இணையச் சேவையிலிருந்து வரவேண்டும், ஆறு இன்னொன்றிலிருந்து. இரண்டையும் குஸ்னாடியின் மென்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டவேண்டும். மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் நிற்கும் கம்போங் ராவாவில்தான் அவன் வீடு. அதனால் அவனுக்கு இது வெறும் ஆபீஸ் வேலை இல்லை.

பக்கத்து மேசை வீவின் எட்டிப் பார்த்தாள். "முகவரிக்குக் கடைசியில ஒரு இடைவெளி ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க. காப்பி பண்ணும்போது கூடவே வந்திருக்கும்."

அழித்தான். தெருவும் வீடுகளும் மளமளவென்று கொட்டின.

அடுத்து ஆறு. இணைப்பு கிடைத்தது. ஆறுதான் கிடைக்கவில்லை. குஸ்னாடி படத்தைச் சுருக்கினான். ஜாவா வந்தது, ஆசியா வந்தது, உலகமே வந்தது. உலகத்துக்கும் மேலே, வெற்று வெள்ளையில், நீலமாக ஒரு நூல்.

"வட துருவத்தையும் தாண்டிப் போயிடுச்சு."

"அங்கேயாவது யாரையும் மூழ்கடிக்காம இருக்கட்டும்," என்றாள் வீவின்.

சேவை அட்சரேகையை முதலில் சொல்ல, மென்பொருள் அதைத் தீர்க்கரேகை என்று எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் இடம்மாற்றச் சொல்லும் கட்டத்தில் ஒரு தட்டு தட்டினான். ஆறு ஒரே தாவலில் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. பெருமூச்சு விடப்போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஆறு சந்தையைக் கடந்து, பெண்கள் பள்ளியைச் சுற்றி, தலைவரின் புது வீட்டு வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைக் குறுக்கே வெட்டி, சமையலறைப் பக்கமாக வெளியேறிக் கடலுக்குப் போயிற்று.

அலுவலக மேலாளர் பாக் ஹர்தோயோ பார்த்தார். வேர்த்துவிட்டது.

"என்னப்பா இது? அவர் வீட்டுக்குள்ள ஆத்தை விட்டிருக்கே!"

"நான் விடலை பாக். சேவையில அப்படித்தான் வருது."

"சேவைக்கு வேலை போகாது. நமக்குப் போகும். நகர்த்து!"

உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் கணக்கை குஸ்னாடி மாற்றிப் போட்டான். ஆறு தலைவர் வீட்டைக் காலிசெய்துவிட்டு, குன்றின்மேல் ஏறி, பெரிய மசூதியின் கோபுரத்தில் ஓடியது.

"அவர் வீட்டை விட்டு ஆண்டவன் வீட்டுக்கா?" ஹர்தோயோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "மாத்து, மாத்து!"

பழையபடி மாற்றினான். "வேற சேவை ஒண்ணு இருக்கே, அதை இணைச்சுப் பாருங்களேன்," என்றாள் வீவின். இணைத்தான். இப்போது ஆறு இரண்டு. இரண்டும் கைகோத்துக்கொண்டு தலைவரின் கூடத்துக்குள் போயின.

"எல்லாத்தையும் புதுசா இறக்கு!" என்று ஹர்தோயோ கத்தினார்.

அந்தப் பதற்றத்தில், நம் மாவட்டம் மட்டும் போதும் என்று எல்லை போட குஸ்னாடி மறந்துபோனான். மென்பொருள் நாட்டிலுள்ள ஆறுகள் எல்லாவற்றையும் கேட்டது. இந்தோனேசியாவில் ஆற்றுக்கா பஞ்சம்? முதலில் திரை உறைந்தது. பிறகு மாடி முழுக்க இணையம் செத்தது. கணக்குப் பிரிவு மொத்தமும் வராந்தாவுக்கு வந்து, "யாருய்யா அது?" என்று கேட்டது.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். மென்பொருள் மயக்கம் தெளிந்தது. ஆறு அதே கூடத்தில்.

தலைவர் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் மனைவி இபு லஸ்த்ரியோடு வந்திருந்தார். பாத்திக் சட்டை மடங்கக் குனிந்து, ஆற்றோடு விரலை ஓட்டிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார்.

"இது என் வீடுதானே?"

"ஆமாம் பாக்."

"ஆறு எதுல ஓடுது?"

ஹர்தோயோ மின்விசிறியை ஆராய்ந்தார். குஸ்னாடிதான் சொல்லவேண்டியதாயிற்று. "உங்க... கூடத்துல."

"ஆறு எங்க இருக்குன்னே தெரியாத ஆபீஸை நம்பி நான் கரை கட்டணுமா?" தலைவர் நிமிர்ந்தார். "கரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

குஸ்னாடி மனசுக்குள் கட்டில் கால்களுக்குச் செங்கல் அடுக்கத் தொடங்கிவிட்டான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பாக், ரெண்டு சேவையில கேட்டேன். ரெண்டும் அங்கதான் ஆறுன்னு சொல்லுது."

ஹர்தோயோ அவன் காலை மிதித்தார். "சின்னப் பையன் பாக், ஏதோ உளறுறான்."

இபு லஸ்த்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கணவரின் தோளைத் தட்டினார்.

"மழை பேஞ்சா நம்ம குளியலறைக்குக் கெளுத்தி மீன் எங்கேருந்து வருதுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா!"