தெவசத்துக்கு வந்த வளைகாப்பு

பெரிய காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தேவேந்திரனுக்கு, அத்தை தில்லையம்மாள் எழுதுவது. இங்கு நானும் தறியும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரும் சுகமாயிருக்க ஏகாம்பரநாதர் துணை. மாப்பிள்ளையைப் போனில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு கடிதம்.

வெள்ளிக்கிழமை உங்கள் மாமாவுக்கு முதல் தெவசம். லீவு கிடைக்காமல் நீங்கள் பெங்களூரிலேயே நின்றுவிட்டீர்கள், சங்கீதா மட்டும் வந்தாள். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஆசை. மாமாவுக்கு உயிரான பாகற்காய்க் குழம்பை யாராவது முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்க வேண்டும். இந்த வீட்டில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். ஒரு வருஷமாக யாரும் கேட்கவில்லை. நீங்களும் சங்கீதாவும் நம் சங்கத்து மண்டபத்துக்கு எழுதிக்கொடுத்த அந்த ஜாவா புரோகிராமில், ஆபீஸ்காரரிடம் சொல்லி நாளைப் பதிந்து, நாற்பது இலை போட்டேன். நம் ஜனம் வழக்கம்போல குழம்பை இலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. அப்போது வாசலில் மேளம்.

தாமலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், தட்டுத் தட்டாகச் சீர்வரிசை, நடுவில் ஒன்பது மாத வயிற்றோடு அபிநயா என்று ஒரு பெண். அவள் மாமியார் கிருஷ்ணவேணி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இன்னிக்கு மண்டபம் எங்களுக்குன்னு போட்டுக்கினு இருக்குது பாரும்மா. வளைகாப்புக்கு வந்தா மாலை போட்ட போட்டோவ வச்சிக்கினு இருக்கீங்களே?"

"போட்டோ இல்லம்மா, எங்க வூட்டுக்காரு" என்றேன்.

சங்கீதா லேப்டாப்பைத் திறந்து உங்களைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் நீங்கள் இருவரும் போட்ட சண்டையை எண்பது பேர் கேட்டோம். "ஆபீஸ் பக்கத்த நீங்க பழைய ஜேடிஓல எழுதினீங்க!" "போன் பக்கத்த உன்ன யாரு ஜேபிஏல எழுதச் சொன்னாங்க?" ரெண்டும் பதிவை எழுதி வைக்கிற வழிகளாம். ரெண்டில் எதும்மா கெட்டது என்று சங்கீதாவைக் கேட்டேன். "ரெண்டுமே நல்லதுதாம்மா. ஒரே புரோகிராம்ல ரெண்டையும் வச்சோம். அதது ஞாபகத்துல ஒரு காப்பி வச்சிக்கினு, இன்னொண்ணு இன்னா எழுதிச்சுன்னு பார்க்காமலே காலின்னு சொல்லிடுச்சு."

இதற்கா மாப்பிள்ளை இவ்வளவு படிப்பு? புடவையில் உடலுக்கு இழை ஓட்ட ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. ஒவ்வொரு இழைக்கும் ரெண்டையும் கோத்தால்தான் கோர்வை. முப்பது வருஷம் மாமா உடல் ஓட்டினார், நான் கரை ஓட்டினேன். பேசாமலிருந்த நாளில்கூட கோத்துத்தான் ஓட்டினோம்.

இத்தனை ரகளையில் அந்த அபிநயா இலை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டிமா, ஏழு வகை சாதம் கட்டிக்கினு வந்திருக்கேன், சுபகாரியத்துல பாகக்காயா?" என்று மாமியார் கத்தினாள். "ஏழையும் நீங்களே துண்ணுங்க அத்தை" என்றாள் அவள். வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு கரண்டி ஊத்துங்கம்மா."

கண்ணீர் மறைத்து இலையெல்லாம் குழம்பு ஊற்றிவிட்டேன். "அழுவாதீங்கம்மா, உப்பு ஜாஸ்தியாயிடும்" என்றாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன் மாப்பிள்ளை, ஒரு வருஷம் கழித்து. பிறகு வளையல் போடச் சொல்லி என்னிடமே கையை நீட்டினாள். நான் தயங்கினேன். கிருஷ்ணவேணி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "போடுங்க, போடுங்க" என்றாள்.

இருந்தாலும் தப்பு தப்புதான். ரெண்டில் ஒன்றைத் தூக்கிப் போடுங்கள், இல்லை ரெண்டையும் கோத்துக் கட்டுங்கள். இந்த வாரமே முடிய வேண்டும். அதுவரை அந்த மண்டபத்தில் என் கால் படாது. சங்கீதாவை நான் திட்டியாகிவிட்டது, உங்களைத் திட்டும்படி உங்கள் அம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். காமாட்சி உங்கள் இருவருக்கும் நிறைந்த ஆயுசும் கொஞ்சம் பொறுமையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தை தில்லையம்மாள்

பின்குறிப்பு: கிருஷ்ணவேணி இப்போதுதான் வந்து காபி குடித்துவிட்டுப் போனாள். பிறக்கிற பிள்ளைக்குப் பதினோராம் மாசம் காது குத்தாம். எண்ணிப் பார்த்தால் மாமாவின் அடுத்த தெவசத்தன்றே வருகிறது. வேறு நாள் வைக்க அபிநயா ஒப்பவில்லையாம். ஆகையால் புரோகிராமில் கை வைக்காதீர்கள். அந்த நாள் ரெண்டு பேருக்கும் காலி என்றே காட்டட்டும்.