மச்சான் அனுப்பிய அல்ஃபால்ஃபா விதை

ஐந்தாம் லைன்,
பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்,
14-8-1983

அன்புள்ள மச்சான் அமிர்தலிங்கத்துக்கு, உன் அக்காள் புருஷன் ரெங்கசாமி எழுதிக்கொண்டது. கிள்ளானில் நீயும் திலகமும் பிள்ளைகளும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் நீலாவதியும் இருக்கிறோம். நிற்க.

நீ தபாலில் அனுப்பிய அல்ஃபால்ஃபா கீரை விதைப் பொட்டலமும் இரண்டு பக்கக் குறிப்பும் போன மாதமே வந்து சேர்ந்தன. அக்காளுக்கு உடம்பில் ரத்தமில்லை, சோறு இறங்கவில்லை என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு நீ பதறிப்போய் அனுப்பியது எனக்குத் தெரியும். இந்தக் கீரையை வீட்டிலேயே முளைக்கவைத்துப் பச்சையாகத் தின்னக் கொடுத்தால் ஒரே மாதத்தில் ரத்தம் ஊறும் என்று எழுதியிருந்தாய். நம்பினேன் மச்சான். அவள் பிழைப்பாள் என்று யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நிலையில்தான் இருக்கிறேன். ஆனால் நீ கிள்ளான் வெயிலில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு மலையேறி வந்தால் எப்படிச் செல்லும்? ஊறவைத்துப் போத்தலில் போட்டுத் துணி கட்டிக் கவிழ்த்துவை, மூன்றாம் நாள் முளைவிடும் என்கிறாய். இங்கே இருக்கிற குளிரில் ஐந்தாம் நாளும் விதை போட்டது போட்டபடியே கிடந்தது. மாடு வளர்க்கிற நல்லுசாமி பொட்டலத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது குதிரைக்குப் போடற புல்லுலா! வெள்ளக்கார தொர குதிர வெச்சிருந்தப்ப கப்பல்ல கட்டு கட்டா வரும், நாந்தான் அவுத்துப் போடுவேன். நீலாவதி என்னா, ரேஸ்ல ஓடப் போவுதா?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் அக்காள் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்ததால் அவனை அடிக்காமல் விட்டேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. ஃபாக்டரியில் நான் பார்க்கிற தேயிலை காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் எப்போதும் சூடு. உங்கள் கிள்ளான் அங்கேதான் இருக்கிறது என்று போத்தலைக் கொண்டுபோய் ஒளித்துவைத்தேன். மறுநாளே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது, நானும் புதுத் தகப்பனைப்போலப் பூரித்துப்போனேன். சூட்டில் வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் குசல விசாரணை மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நாற்றமெடுத்துவிட்டது. தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் அல்லவா, ஃபாக்டரிக் கணக்கு எழுதுகிற அம்புரோஸ் கிராணி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "எலி செத்துக் கெடக்கு, எல்லாம் நிப்பாட்டித் தேடுங்கயா!" என்று கத்தினார். இருபது பேர் மெஷினுக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள், நானும் கூடவே தவழ்ந்து இல்லாத எலியைத் தேடினேன். "ரெங்கசாமிக்குத்தான் தோட்டத்து மேல எவ்வளவு அக்கற!" என்று கிராணி எல்லோர் முன்னாலும் மெச்சினார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான். போத்தலைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கால்வாயில் கொட்டும்போது எனக்கு அழுகை வந்தது. கொட்டியது அவளுடைய ரத்தம் என்றே பட்டது.

மீதி விதையை வீட்டிலேயே போட்டேன். அகலமான தட்டில் ஈரத்துணி விரித்துத் தூவி, அடுப்பங்கரையில் சூடு படுகிற மூலையில் கோணிச் சாக்கால் மூடிவைத்து, இந்தத் தடவை இரண்டு பக்கத்தையும் படித்துத் தண்ணீர் தெளித்தேன். ஐந்தாம் நாள் தட்டு நிறைய, வெளுத்த தண்டும் மஞ்சள் கொழுந்துமாக நெருக்கியடித்து நின்றது. மறுநாள் வெளிச்சத்தில் வைத்துப் பச்சை ஏறியதும் அறுத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு வேலாயி உப்புக் கேட்டு வந்தவள் கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். இது ஆடி மாதம். அந்த வெள்ளிக்கிழமை நம் லைன் கோயிலில் முளைப்பாரி. இருட்டில் மஞ்சளாக முளைத்து நிற்பதைப் பார்த்தால் அவள் வேறு என்னதான் நினைப்பாள்? "அய்யோ நீலாவதிக்கா, ஒடம்பு முடியாத நேரத்துல முளைப்பாரி போட்டிருக்கியே, ஒரு வார்த்த சொல்லலயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் மஞ்சள் தண்ணியும் விளக்குமாக வந்து என் அடுப்பங்கரையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆம்பளைங்க பாக்கக் கூடாதுண்ணே, வெளிய போங்க" என்று, விதை போட்டவனையே விரட்டினார்கள். வெள்ளிக்கிழமை வரை எனக்கு நல்லுசாமி வீட்டில்தான் சாப்பாடு.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உன் அக்காள் படுக்கையில் இருந்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள். எல்லோரும் போனபிறகு, "ஏன்டி சொல்லல? நீ திங்கறதுக்கு ஒன் தம்பி அனுப்புனதுலா" என்றேன். "ரெண்டு வருஷமா நான் முளைப்பாரி எடுக்கல. இந்த வருஷமும் விட்டுட்டா..." என்றாள். 

வெள்ளிக்கிழமை மஞ்சள் புடவை கட்டி, தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள் மச்சான். இரண்டு மாதமாக வாசற்படி தாண்டாதவள். வேலாயி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் குடையோடு பின்னால் போனேன். மற்ற பெண்கள் கும்மியடித்தபோது இவள் முக்காலியில் உட்கார்ந்து கை தட்டினாள். வளையல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எல்லாவற்றையும் ஆற்றில் கரைத்தார்கள். நீ அனுப்பியதில் ஒரு கொழுந்துகூட அவள் வாயில் படவில்லை. ஆற்று மீன்களுக்கு இந்நேரம் நல்ல ரத்தம் ஊறியிருக்கும்.

ஆனாலும் அம்மன் கண் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து உன் அக்காள் காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் அரைத்தட்டுச் சோறு சாப்பிடுகிறாள், முகம் தெளிந்துவிட்டது. இனி விதை அனுப்பாதே. லீவு போட்டுக்கொண்டு கிளம்பவும் வேண்டாம், வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு நீ வந்து இறங்கினால் உன்னைத்தான் படுக்கவைக்க வேண்டியிருக்கும். நான் எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். "பிள்ளைங்களுக்குப் பரீச்ச நேரம், அவன் வர வேணாம்னு நல்லா அழுத்தி எழுதுங்க" என்கிறாள். அழுத்தி எழுதிவிட்டேன். கால்வாயில் கொட்டியபோது நான் அழுததையும், வளையலைப் பற்றியதையும், அவள் பாதியில் நிறுத்திய பேச்சையும் மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

திலகத்துக்கு எங்கள் ஆசி. உன் அக்காள் சார்பில் பிள்ளைகள் நெற்றியில் நீயே திருநீறு பூசிவிடு. எல்லோரையும் ஆத்தா குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
ரெங்கசாமி

பின்குறிப்பு: அவள் கண்ணயர்ந்துவிட்டாள், அதனால் இதை எழுதுகிறேன். இட்லியும் இல்லை, சோறும் இல்லை, அவள் எழுதச் சொன்னதை எழுதினேன். அன்று கோயிலிலிருந்து அவளை நானும் நல்லுசாமியும் நாற்காலியில் வைத்துத்தான் தூக்கிவந்தோம். கரண்டியில் விடுகிற கஞ்சித் தண்ணிகூட இப்போது பாதி வெளியே வழிந்துவிடுகிறது. திங்கட்கிழமை நல்லுசாமி பேசிவைத்த காய்கறி லோரியில் ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மலையிலிருந்து இறக்கி அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். தூங்குவதற்கு முன்னால், "வர வேணாம்னு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிட்டேன் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவன் வந்தா எந்த பஸ்ல வருவான்?" என்று கேட்டாள். காலை பஸ் என்று சொல்லியிருக்கிறேன்.