சத்தெல்லாம் சீசாவில்

"மீன்ல என்ன இருக்கு கெங்கம்மா? நாத்தந்தான் இருக்கு! சத்தெல்லாம் சீசாவுலல்லா இருக்கு!"

திருவொற்றியூர் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்யும் வேதமாணிக்கத்தின் மனைவி தங்கபுஷ்பம், காத்திவாக்கத்திலிருந்து கூடை சுமந்து வந்த மீன்காரியிடம் சீறிய சீற்றம் இது. கெங்கம்மா சும்மா விடுகிறவளா?

"மீனெண்ண சீசாவுல இன்னா கீதுன்னு எனிக்கே சொல்றியாம்மா? எங்க வூட்டாளு புட்ச்ச சுறாவோட ஈரலத்தான் கம்பெனிக்காரன் உருக்கி ஊத்திக்கீறான். எங்கூடையில இருந்தா நாத்தம், படம் ஒட்டுன சீசாவுல இருந்தா சத்தா?"

"படம் ஒட்டினவன் படிச்சவன். நீ படிச்சியா?"

கதவு சாத்தப்பட்டது.

சீசா பக்தர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் கண்ணுக்குச் சோறு தெரியாது, லேபிள்தான் தெரியும். லேபிளில் ஒரு கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தை சிரித்தால் போதும், பெற்ற குழந்தையைப் பார்க்கிற வேலை தீர்ந்தது. தங்கபுஷ்பத்தின் மகள் தேவப்பிரியத்துக்கு ஐந்து வயது. விடிந்ததும் அவளுக்கு மால்ட் ஒரு கரண்டி, மூக்கைப் பிடித்து மீனெண்ணெய் ஒரு கரண்டி, இரும்புச் சத்து டானிக் ஒரு மூடி, அந்தக் கசப்பு போக குளுக்கோஸ் ஒரு குவளை. இத்தனையும் உள்ளே போனபின் இட்லித் தட்டு வந்தால், பாவம், அது எங்கே இறங்கும்? குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடனே தாய்க்காரி என்ன சொல்வாள்? "பிள்ளைக்குப் பசியே இல்ல, அதுக்கும் ஒரு டானிக் வாங்கணும்!"

துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் ஜஹாங்கீர் ஒரு நாள் டப்பா ஒன்று கொண்டுவந்தான். சிவப்பும் மஞ்சளுமாய், பல்லில் ஒட்டும் வைட்டமின் மிட்டாய்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு குடுத்தா போதும் அக்கா."

"ஒண்ணுக்கே சத்துன்னா மூணு கொடுத்தா இன்னும் நல்லதுல்லா?"

இந்த இனத்தின் கணக்கு அப்படி.

சனிக்கிழமைதோறும் கடையின் பெரிய தராசில் குழந்தையை உட்காரவைத்து நிறுப்பது வீட்டு வழக்கம். ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் மகள். வாரத்துக்கு வாரம் எடை ஏறியது. ஒரு சனிக்கிழமை தங்கபுஷ்பம் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். பதினொரு வீசை! கூடவே இரண்டு சீசா கூடுதலாக வாங்கினாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் தேவப்பிரியம் பெட்டிமேல் ஏறி, அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து, மிட்டாய் முழுவதையும் தின்றுவிட்டது. தித்திப்பாக இருந்தால் குழந்தை எண்ணியா தின்னும்? ரத்தமோ என்று அலறும்படி சிவப்புச் சிவப்பாய் வாந்தி. பிறகு துணிபோல் துவண்டு விழுந்தது. தங்கபுஷ்பம் தெருவுக்கு ஓடினாள். எதிரே வந்தது யார்? கெங்கம்மாதான். கூடையைத் தொப்பென்று போட்டுவிட்டுக் குழந்தையை வாரித் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா, எங்கூடையில பாதி கனங்கூட இல்லியே!"

"பதினொரு வீசை! நேத்துதான் நிறுத்தோம்!"

"எந்தத் தராசுல? தெனம் கூடை தூக்கற கையிமா இது. ஒம்பது வீசைக்கு மேல ஒரு பொட்டு இல்ல."

கடை வாசலில் நின்ற வேதமாணிக்கம் தலை குனிந்தார். வாடிக்கைக்காரர் ஒருவருக்கும் ஒரு மிளகு குறைத்து நிறுக்காத மனுஷன் அவர்.

"எடை குறைஞ்சா நீ அழுவியேன்னு..." என்றார். "பிள்ளை இருந்த தட்டுல சுண்டுவிரல வச்சேன். அப்புறம் ரெண்டு விரல்."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ளங்கை."

"எப்பருந்து?"

"ஈஸ்டர்லருந்து."

ஊரையெல்லாம் நேர்மையாக நிறுத்தவர், பெற்ற மகளை மட்டும் பொய்யாய் நிறுத்தார். அவள் லேபிளைப் பார்த்தாள், அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நடுவில் குழந்தையைப் பார்த்தது யார்? மீன்காரி.

டாக்டர் பார்த்தார், குழந்தை பிழைத்தது. "எல்லாச் சீசாவையும் மூடி வையுங்கள், சோறு போடுங்கள்" என்றார். அன்றுமுதல் கெங்கம்மாவே காரப்பொடி என்கிற சின்ன மீனைக் கழுவிக் குழம்புக்குக் கொடுத்து, பக்கத்தில் குந்தி, "துன்னு கண்ணு, முள்ளு பாத்துத் துன்னு" என்று ஊட்டினாள். இரண்டே மாதம். வேதமாணிக்கம் இரு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க, தராசு பத்தரை வீசை காட்டியது.

தங்கபுஷ்பம் திருந்தினாளா? நன்றாகக் கேட்டீர்கள்! அடுத்த வீட்டு வரலட்சுமியிடம் அவள் சொன்னது இது:

"அன்னைக்குக் கொடுத்த டானிக்கெல்லாம் இப்பத்தான் வேலை செய்யுது, பாத்தியளா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, எத்தனை குழந்தைகள் லேபிளில் இருந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கின்றன என்று பாருங்கள். அப்படியே உங்கள் உள்ளங்கை எந்தத் தட்டின்மேல் இருக்கிறது என்றும் பாருங்கள்.

தங்கபுஷ்பம் இப்போது தினமும் மீன் வாங்குகிறாள். அந்த மீன் நன்றாகச் செரிப்பதற்கென்று ஜஹாங்கீரிடம் புதிதாக ஒரு சீசாவும் வாங்கியிருக்கிறாள். விலை ஆறு ரூபாய் நாலணா.