கோலம் போட்ட கை

இளவேனிலின் வலது கைக்குக் கட்டுப் போடலாம் என்று முடிவானபோது அவள் தோசை தின்றுகொண்டிருந்தாள்.

“அப்ப எதால சாப்பிடுறது?”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஸ்பூன்” என்றான் கணவன் கலையரசன்.

ஞாயிறன்று திருவானைக்காவலில் அவர்கள் தெருவில் மார்கழிக் கோலப் போட்டி. எதிர்வீட்டு வெள்ளையம்மாள் கேட்காமலே இளவேனிலின் பெயரைக் கொடுத்திருந்தார். தினமும் அப்படிச் சிக்குக் கோலம் போடுகிறவளை விட முடியுமா?

இளவேனிலுக்கு ஒரு புள்ளிகூட நேராக வைக்க வராது. போடுவது கலையரசன். தெரு விழிக்கும் முன் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவான். அந்நேரத்திலும் எதிர்வாசலில் கோலம் தயாராக இருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பொறாமை.

“பேசாம உண்மையைச் சொல்லிடேன்” என்றாள் இளவேனில்.

“தெருவே சிரிக்கும். அப்புறம் எனக்குக் கோலமாவைத் தொடவே மனசு வராது.”

சுளுக்கு என்று சொல்லிப் போட்ட கட்டைப் பார்த்து வெள்ளையம்மாள் பதறினார். மறுநாள் அவர் வந்தபோது வாசலில் புதுக் கோலம் இருந்தது. கலையரசனால் சும்மா இருக்க முடியவில்லை.

“கட்டோட எப்படிம்மா போட்டே?”

“இடது கையாலங்க” என்றாள் இளவேனில்.

மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி. இடது கை அதிசயத்தைப் படம் பிடிக்க யூடியூப்காரர் ஒருவர் வருவதாகவும் பேச்சு.

அடுத்த நாள் கலையரசன் வேண்டுமென்றே கோணலாகப் போட்டான். இடது கையும் போச்சு என்று வெள்ளையம்மாள் நல்லெண்ணெயுடன் வந்து, இரண்டையும் நீவி விடுவதற்காகக் கட்டை அவிழ்த்தார். வீக்கமே இல்லை.

“ஆறிடுச்சும்மா! ரெண்டு கையாலயும் போடலாம்.”

ஞாயிற்றுக்கிழமை தெரு நிறையப் பெண்கள். வெள்ளையம்மாள் வழக்கம்போல நடுவர். நடுவர் கோலம் போடக் கூடாது என்பது அவரே வைத்த விதி. அவர் கணவர் காத்தான் இடுப்பைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டார்.

இளவேனில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றாள். கலையரசனைத் திரும்பிப் பார்த்தாள்.

கலையரசன் கிண்ணத்தை வாங்கினான். வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தான். யாரோ சிரித்தார்கள். அவன் புள்ளி வைத்தான். கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது.

எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள்.

வெள்ளையம்மாள் கோலத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“என்னங்க, வெளிய வாங்க! நாளையிலேர்ந்து நம்ம வாசல் கோலத்தையும் நீங்க விடிஞ்சப்புறமே போடலாம்.”