ஐந்து நட்சத்திர ஓட்டலும் அண்ணாச்சியின் முதுகும்

ஒரு காட்டில் ஒரு புற்று இருந்தது. காடென்றால் முதலில் சிங்கத்தையல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிங்கம் மருத்துவ விடுப்பில் போயிருந்தது. இந்தக் கதை முடியும்வரை அது வேலைக்குத் திரும்பாது.

புற்று என்றதும் முழங்கால் உயரத்து மண்மேடு என்று நினைத்துவிடாதீர்கள். பதினான்கு அடி! காட்டிலேயே உயரமான கட்டடம். மரங்கள் தாமாக வளர்ந்தவையாதலால் அவற்றைப் போட்டியில் சேர்க்கக் கூடாது என்று நிர்வாகமே உத்தரவு போட்டிருந்தது. ‘வானளந்தான்’ என்று அதற்குப் பெயர். ஏழு காடு தள்ளியிருந்தெல்லாம் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கறையான் தின்றே வளர்ந்த கரடிகூட அதன் எதிரில் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகும்.

வானளந்தானின் தலைமை மேஸ்திரி சொர்ணவடிவு என்ற கறையான். ஆள் அரிசியில் பாதி இருப்பாள். கண் தெரியாது. ஆனால் சுவரை ஒருமுறை தடவினால் எங்கே ஈரம் போதவில்லை, எவன் வேலைநேரத்தில் தூங்கினான் என்று சொல்லிவிடுவாள். புற்றின் அடித்தளத்தில் அவளுடைய அம்மா, மகாராணி, முட்டையிட்டபடி படுத்திருந்தாள். அம்மாவின் உடம்பு அறையைவிடப் பெருத்துவிட்டது. அறையைச் சுற்றித்தான் புற்றே எழும்பியது. வீடு மாற வேண்டுமென்றால் மற்றவர்கள் மாறலாம், அம்மாவை ஒரு விரற்கடை நகர்த்த முடியாது. சொர்ணவடிவுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அந்தக் கவலைக்கு நாலு காலும் ஒரு தும்பிக்கையும் உண்டு. காட்டுத் தலைவர் மலையாண்டி அண்ணாச்சி. நல்ல யானைதான். ஆனால் கோடை வந்துவிட்டால் முதுகு அரிக்கும். யானைக்கு முதுகு அரித்தால் புற்றில் சாய்ந்து தேய்க்கும். இது யானைகளின் வழக்கம், இதில் பகை ஒன்றும் கிடையாது. அப்படிப் பகை ஒன்றும் இல்லாமலேயே காட்டில் ஒன்பது புற்றுகள் தரைமட்டமாகியிருந்தன.

சின்ன உயிர்கள் தலைவரிடம் பேச வேண்டுமென்றால் அவர் காது மடலில் ஏறி உட்கார்ந்து பேச வேண்டும். அங்கேயும் வரிசைதான், டோக்கன்தான். ஒருநாள் அண்ணாச்சியே ஆள் அனுப்பியதால் சொர்ணவடிவு வரிசையில் நிற்காமல் நேராகக் காதுக்குப் போனாள். பின்னால் நின்ற எறும்புகள் முணுமுணுத்தன.

“சொர்ணம், உன் புத்தப் பாக்க எத்தன பேரு வாராவ?”

“தெனமும் கூட்டந்தான் அண்ணாச்சி.”

“வாராவ, பாக்காவ, சாயங்காலமானா பக்கத்துக் காட்டுக்குப் போயித் தங்குதாவ. அங்க ஓட்டல் இருக்கு. நாலு நட்சத்திரம். நம்மகிட்ட என்ன இருக்கு? முதுகரிப்புதான் இருக்கு.”

சொர்ணவடிவு காது மடலில் இன்னும் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“புத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஓட்டல் கட்டு. டவரா இருக்கணும். மின்சாரத்த மிச்சம் புடிக்கணும், இப்ப எல்லாரும் அதத்தான் கேக்காவ. அஞ்சு நட்சத்திரம் வாங்கிட்டேன்னா உன் புத்த ஒருத்தனும் தொடமாட்டான். வாங்கலன்னா…”

அண்ணாச்சி வாக்கியத்தை முடிக்கவில்லை. வானளந்தானுக்கு முதுகைக் காட்டி ஒருமுறை நின்று பார்த்தார், தையல்காரர் அளவெடுப்பதுபோல. அளவு சரியாக இருந்தது.

மறுநாளே பசுமை ஆலோசகர் வந்து சேர்ந்தார். பசுபதி என்ற பச்சோந்தி. வரும்போது மரப்பட்டை நிறத்தில்தான் இருந்தார், ‘பசுமை’ என்ற சொல்லைச் சொன்னதும் உடம்பெல்லாம் பச்சையாகிவிட்டது. அதைவிடப் பெரிய தகுதிச் சான்று யாரும் கேட்கவில்லை. சொர்ணவடிவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அவர் நாக்கு ஒருமுறை வெளியே பாய்ந்தது. “சாரி மேடம்” என்று பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

“உங்க புற்றுக்குள்ள எப்படி மேடம் இவ்வளவு குளுகுளுன்னு இருக்கு? என்ன மெஷின்?”

“மெஷினும் இல்ல ஒண்ணும் இல்ல. கீழ ஓட்ட, மேல ஓட்ட. சூடு மேல போயிரும், குளுந்த காத்து கீழ வந்துரும்.”

“ஓட்டைன்னு எழுதினா விண்ணப்பத்தைத் திருப்பிடுவாங்க. ‘ஒருங்கிணைந்த செங்குத்துக் காற்றுச் சுழற்சி’ன்னு போட்டுக்கறேன்.”

அப்படியே போட்டார். நாற்பத்திரண்டு பக்கப் படிவம். முதல் பக்கத்தில் விண்ணப்பதாரரின் கால்கள் எத்தனை என்று கேட்டிருந்தது. ஆறு என்று எழுதியதற்கு, நான்குக்கு மேல் இருந்தால் தனிப் படிவம் என்று திருப்பி அனுப்பினார்கள். தனிப் படிவம் கிடைக்கும் ஜன்னல் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் திறக்கும். செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஜன்னலின் குரங்கு வராது.

இதற்கிடையில் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“கல்வெட்டு எங்க?”

“இன்னும் கடக்காலே தோண்டலியே அண்ணாச்சி.”

“கடக்கால் யாரு கண்ணுக்குத் தெரியும்? கல்வெட்டுல்லா தெரியும்!”

ஆகவே ஓட்டலுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கல்வெட்டு வந்தது. ‘காட்டுத் தலைவர், கரும்புக் காவலர், அருவிக்கரை வள்ளல், இரு தந்தச் செம்மல் மலையாண்டி அண்ணாச்சி அவர்களின் திருக்கரத்தால்’ என்று வரவேண்டும். கரம் எங்கே இருக்கிறது, தும்பிக்கை என்றுதானே போட வேண்டும் என்று மரங்கொத்தி கேட்டது. அதை வெளியே அனுப்பிவிட்டு, வேறு ஆள் கிடைக்காததால் மறுபடி கூப்பிட்டார்கள். பட்டங்கள் அத்தனையும் அடங்க எட்டடிக் கருங்கல் வேண்டியிருந்தது. எருமைகள் இழுத்துவந்து, வானளந்தானுக்கும் ஓட்டல் மனைக்கும் நடுவே நட்டன. மரங்கொத்தி திட்டிக்கொண்டே கொத்தியது. கோபத்தில் எழுத்துகள் ஆழமாகவும் சொரசொரப்பாகவும் விழுந்தன. மழமழவென்று தேய்த்துக் கொடுக்கச் சொன்னதற்கு, “என் அலகு என்ன உப்புத்தாளா?” என்று பறந்துபோய்விட்டது.

இருபத்தோரு நாளில் டவர் எழும்பியது. பதின்மூன்றே முக்கால் அடி. வானளந்தானைவிடக் கால் அடி குறைவு, அது சொர்ணவடிவின் பிடிவாதம். பூசணிக்காய் உடைத்து, பால் காய்ச்சி, அந்தப் பால் காய்ச்சிய அடுப்பை மின்சிக்கனக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று அரைநாள் சண்டையும் போட்டுத் திறந்தார்கள்.

காட்டில் மின்சாரம் என்றால் மின்மினிகள்தான். விளக்கு அவைதான், விசிறி அவைதான், நாற்பதாயிரம் சேர்ந்து கொடியைப் பிடித்து இழுத்தால் லிஃப்டும் அவைதான். ஒவ்வொரு மினுக்குக்கும் மரங்கொத்தி பக்கத்து மரத்தில் ஒரு துளை போடும். அதுதான் மீட்டர்.

முதல் விருந்தினராக ஒரு செங்கால் நாரைத் தம்பதி வந்து இறங்கினார்கள். மூன்றாவது மாடியில் அறை. லிஃப்டை வரச்சொன்னார்கள்.

“பறவைக்கு எதுக்குங்க லிஃப்டு?” என்று சொர்ணவடிவு பணிவாகத்தான் கேட்டாள்.

“லீவுல வந்திருக்கோம்மா,” என்றது பெண் நாரை. “பறக்கறதுக்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தோம்?”

நியாயமாகத்தான் பட்டது. லிஃப்ட் ஏறியது, இறங்கியது. மறந்துபோன பையை எடுக்க ஏறியது, பை மேலேயே இருந்ததால் இறங்கியது. வெந்நீர் கேட்டார்கள். அறை குளுகுளுவென்று இருக்கும்போதே விசிறி கேட்டார்கள், விசிறியின் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதாம். டொக் டொக் டொக் டொக் என்று மரங்கொத்தி விடாமல் கொத்தியது. மறுநாள் மதியம் துளைகள் தாங்காமல் மீட்டர் மரமே சாய்ந்துவிட்டது.

பசுபதி கணக்குப் பார்த்துவிட்டுச் சாம்பல் நிறமானார். “ஒன்றரை நட்சத்திரம் மேடம்.”

சொர்ணவடிவு அன்று அம்மாவின் அறைக்குப் போய் அம்மாவின் பெரிய வயிற்றோரம் ஒட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அம்மா முட்டையிட்டபடியே இருந்தாள். மேலே எங்கேயோ தொம் தொம்மென்று அண்ணாச்சி நடந்துபோகிற அதிர்ச்சி சுவரில் வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுதுவிட்டு மேலே வந்து அறிவிப்புப் பலகைகள் வைத்தாள். ‘சிறகுள்ளோர் லிஃப்ட் கேட்க வேண்டாம்.’ ‘விசிறி வேண்டுவோர் தங்கள் சிறகைப் பயன்படுத்தவும்.’ ‘வெந்நீர் வெயிலில் கிடைக்கும்.’ ‘விளக்கு தேவைப்படும் வேலைகளைப் பகலில் முடிக்கவும்.’ நாலாவது பலகையை வாசித்ததும் நாரைத் தம்பதி பையைத் தூக்கிக்கொண்டார்கள்.

“இதுக்கு எங்க கூட்டுலயே இருந்திருப்போமே!” என்று கத்திவிட்டு, ஆத்திரத்தில் லிஃப்டைக்கூட மறந்து பறந்தே போனார்கள்.

அந்த நேரம் பார்த்து நட்சத்திர அதிகாரி வந்து நின்றார். வேகநாதன் என்ற ஆமை. முதுகிலேயே நட்சத்திரங்கள் இருந்ததால் அந்தப் பதவிக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. சித்திரையில் அலுவலகத்திலிருந்து கிளம்பியவர் ஆடியில் வந்து சேர்ந்தார், அதுவும் அவசரம் என்று குறிப்பு இருந்ததால்.

“உள்ள அறை ஒதுக்கட்டுமா சார்?” என்று பசுபதி பச்சையாகக் கேட்டார்.

“வேண்டாம்ப்பா, வீடு கையோட இருக்கு. மீட்டரைக் காட்டு.”

புது மீட்டர் மரத்தில் ஒரு துளைகூட இல்லை. ஓட்டலில் ஒரு ஆள்கூட இல்லை. சொர்ணவடிவு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஓட்டல் என்று சொல்லிவிட்டு விருந்தாளி இல்லையென்றால் எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்?

வேகநாதன் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். ‘ஒரு விருந்தினருக்கு ஆகும் மினுக்குகள்’ என்று ஒரு கட்டம். மொத்த மினுக்கு பூஜ்யம். மொத்த விருந்தினர் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். அதிகாரி பேனாவை வைத்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு நாலு காலையும் இழுத்துக்கொண்டார்.

மூன்று நாள் அவர் வெளியே வரவில்லை. அண்ணாச்சி வந்து ஓட்டைத் தட்டிப் பார்த்தார். “ஆளு இருக்காரா, இல்ல ஆபீசு மட்டுந்தான் இருக்கா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு வானளந்தான் பக்கம் திரும்பி முதுகை ஒருமுறை சிலிர்த்தார். சொர்ணவடிவு மூன்று நாளும் ஆமை ஓட்டின் விளிம்பிலேயே கிடந்தாள், சோறு தண்ணீர் இல்லை.

நாலாம் நாள் தலை வெளியே வந்தது.

“பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா எது வேணும்னாலும் வரலாம்,” என்றார் வேகநாதன். “அஞ்சு வரக்கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லை.”

காடே துள்ளியது. குரங்குகள் பட்டாசுக்குப் பதில் தாமே வெடிப்பதுபோலக் கத்தின. பசுபதி ஒரே நேரத்தில் ஐந்து நிறமானார்.

“ஒரு நிபந்தனை,” என்றார் அதிகாரி. “இந்த அளவு மாறாம இருக்கணும். ஒரே ஒரு ஆள் தங்கினாலும் நட்சத்திரம் போயிடும்.”

அன்றிலிருந்து சொர்ணவடிவின் ஆட்கள் ஓட்டல் வாசலில் காவல் நின்றார்கள், விருந்தாளி யாரும் உள்ளே போய்விடாமல். உள்ளே போக முடியாத ஓட்டல் என்று செய்தி பரவியதும் கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. மூன்று வருடத்துக்கு முன்பதிவு. போன அதே நாரைத் தம்பதி ஒன்பது உறவினர்களோடு திரும்பிவந்து வரிசையில் நின்றார்கள். “நாங்க முந்தி உள்ள தங்கினவங்களாக்கும்” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்கள் அலுத்துப்போய் வானளந்தானின் அடியோரத்தில் படுத்துக்கொண்டார்கள். அங்கே நல்ல காற்று வந்தது, மின்மினி ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்கு நட்சத்திரம் கிடையாது, யாரும் விண்ணப்பம் போடாததால்.

எல்லாம் சுபம் என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அடுத்த பங்குனி வந்தது. பங்குனி வெயிலுக்குச் சான்றிதழ் வாசிக்கத் தெரியாது.

அண்ணாச்சி ஓடிவந்தார். அவர் ஓடினால் காடு நடுங்கும். அப்போது மனு கொடுக்க அவர் காதில் வரிசையில் நின்ற எறும்புகள் நாலாபக்கமும் சிதறின. ஓட்டல் விஷயமாகக் காதுக்கு வந்திருந்த சொர்ணவடிவு மட்டும் மடலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அண்ணாச்சி நேராக வானளந்தானை நோக்கித்தான் போனார்.

“அண்ணாச்சி! அஞ்சு நட்சத்திரம் வாங்கியாச்சி! தொடமாட்டேன்னு சொன்னீய!”

“நட்சத்திரமா தாயி முதுக சொறியும்? என்ன விட்டுரு, எனக்கு உசுரு போவுது!”

அவர் பொய் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. அவருக்கு உயிர் போகிறது, அவளுக்கு அம்மா போகப்போகிறாள். இன்னும் பத்து அடி. சொர்ணவடிவின் மூளையில் படிவமும் விதியும் ஒன்றும் வரவில்லை. மேஸ்திரிக்கு வரக்கூடியதுதான் வந்தது. எந்தச் சுவர் சொரசொரப்பு, எந்தச் சுவர் பாரம் தாங்கும்?

“அண்ணாச்சி, புத்து பொடிஞ்சிரும், ஒரு தேய்ப்புக்குத்தான் ஆவும்! இடது பக்கம் திரும்புங்க! உங்க கல்வெட்டு! கருங்கல்லு! எட்டடி!”

அண்ணாச்சி இடதுபக்கம் திரும்பினார். முதுகைக் கல்வெட்டில் சாய்த்தார். ‘இரு தந்தச் செம்மல்’ என்ற வரி அரிப்பெடுத்த இடத்தில் அச்சாகப் போய் உட்கார்ந்தது. மேலும் கீழும் ஒருமுறை தேய்த்தார்.

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தத்தைக் காடு அதுவரை கண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டார். “ஆஹா… ‘வள்ளல்’ல இன்னும் சுகமா இருக்கு… ‘கரும்புக் காவலர்’ல ஒரு மூல, ஐயோ, அந்த மூல…” என்று புலம்பினார். சொர்ணவடிவு காதுக்குள் மயங்கி விழுந்து, எழுந்து, சிரிசிரியென்று சிரித்தாள். அண்ணாச்சிக்குக் காது கூசியது, அவரும் சிரித்தார்.

கோடை முடிவதற்குள் பட்டங்கள் எல்லாம் தேய்ந்து கல் வழவழவென்று ஆகிவிட்டது. வழவழப்பில் அரிப்பு தீராது. என்ன செய்வது? ஓட்டலை மறுபடி திறந்துவைத்தார்கள், புதுக் கல்வெட்டோடு. மரங்கொத்திக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஒவ்வொரு பங்குனியிலும் அந்த ஓட்டலுக்குத் திறப்புவிழா நடக்கிறது. இதுவரை பதினேழு முறை திறந்தாகிவிட்டது. அந்த நாரைத் தம்பதிக்குப் பிறகு உள்ளே ஒருவரும் போனதில்லை. பக்கத்தில் வானளந்தானின் அடியில் மகாராணி இன்னும் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீதி: உங்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், பெரியவர் பேரில் ஒரு கல்வெட்டை அவர் முதுகு உயரத்துக்கு, பட்டங்களில் கஞ்சத்தனம் பாராமல் நட்டுவையுங்கள். அதன் பின்னால் ஒரு கட்டடமும் இருந்தால் தவறில்லை.