சிரட்டையரும் எங்கள் கன்னிக்காலும்

சிரட்டையர் ஊன்றினால் உலக்கைகூட வேர்விடும். கொக்குவிலில் இதை மறுத்துப் பேசிய ஒருவரை நான் கண்டதில்லை.

மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். மற்றப் பென்சன்காரர்கள் கல்வீடு கட்டினார்கள். இவர் தேங்காய்ச் சிரட்டைகளில் மணலும் சாம்பலும் நிரப்பி, கண்ட கண்ட கொப்புகளையெல்லாம் முளைக்க வைத்தார். செத்த வீட்டுக்குப் போனாலும் மடியில் பேனாக்கத்தி இருக்கும். ஒருமுறை துக்கம் விசாரித்துவிட்டு எழுந்தவரின் குடைக்குள்ளிருந்து குரோட்டன் இலை எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரர் அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தார்.

"கணுவுக்குக் கீழை சரிச்சுத்தான் வெட்டினனான். மரத்துக்கு ஒண்டும் ஆகாது," என்று அவருக்கு ஆறுதல் சொன்னார் சிரட்டையர்.

நான் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாகப் போனவன். எங்கள் கலியாணங்களில் கன்னிக்கால் என்று ஒரு முள்முருக்கந்தடியை ஊன்றுவார்கள். பிறகு அதை வீட்டு வளவில் நட்டுவிடுவது வழக்கம். அது தளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. எங்களுடையது ஒரு மாதமாகியும் தளிர்க்கவில்லை. தடி கறுத்தது, மாமியின் முகமும் கறுத்தது. சாதகத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று பெரியவர்கள் குசுகுசுத்தார்கள். என் மனைவி சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்து போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், சிரட்டையர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் இதைப் பிடுங்கிப் பாத்தனீரோ?"

"ஒருக்கா... வேர் வந்திட்டுதோ எண்டு..."

"ஒருக்காவோ?"

"ஒவ்வொரு நாளும், ஐயா."

"படுத்திருக்கிறவனைத் தட்டித் தட்டி எழுப்பி, நித்திரை வந்திட்டுதோ எண்டு கேட்டால் அவனுக்கு நித்திரை வருமோ?"

விறுவிறென்று தன் வீட்டுக்குப் போய் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் தளிர்விட்ட முள்முருக்கு ஒன்று நின்றது. எங்கள் தடியைப் பிடுங்கி எறிந்தார். பானையை மெல்லத் தட்டி உடைத்து, வேரைப் பற்றிய மண் உதிராமல் குழியில் இறக்கினார்.

"பயப்பிடாதையும். உங்கடை கன்னிக்கால் வெட்டின அண்டைக்கே மிச்சக் கொப்பைக் கொண்டுபோய் ஊண்டினனான். ரெண்டும் ஒரே கொப்புத்தான். எல்லாக் கலியாணத்துக்கும் ஒண்டு வைக்கிறனான். மாப்பிள்ளைமாரின்ரை கையை நம்பேலாது."

கோயிலால் வந்த மனைவி, "இஞ்சை ஓடி வாங்கோ!" என்று கத்தினாள். ஒரு மணி நேரத்தில் நான்கு தளிர் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல சகுனத்தை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்? அன்று அவள் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

உண்மையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவள் அவள். ஏசட்டும். சிரட்டையர் செத்த அன்று நான் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து, "அந்த மனுசன் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டாள். அதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன்.