துவைக்கும் மெஷின் இல்லாத ஆல்பம்

'முதல் ஆல்பக்காரர்' என்றோர் இனம் உண்டு. எந்தப் பாட்டுக் கோஷ்டியை நீங்கள் புகழ்ந்தாலும், "அவங்க முதல் ஆல்பம் கேட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். கேட்டிருக்கிறேன் என்றால் அவர் முகம் வாடிவிடும். இல்லையென்றால் போச்சு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இவ்வினத்தின் அசல் மாதிரி ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். பல் டாக்டர். அவருடைய தங்கை ஒரு டான்ஸ் பங்க் கோஷ்டியில் டிரம்ஸ் வாசிக்கிறாள். அதாவது, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், கோபமான பாட்டை ஆடத்தக்க தாளத்தில் போட்டுத் தாக்குகிறவர்கள். கேட்டால் யாரோடாவது சண்டை போடத் தோன்றும்; அந்த ஆளையே இழுத்துக்கொண்டு ஆடவும் தோன்றும்.

முதல் ஆல்பத்தை டாக்டர் வீட்டில், துணி துவைக்கும் மெஷின் இருக்கிற அறையில்தான் பதிவு செய்தார்கள். டாக்டரின் மனைவி, அதாவது அவள் அண்ணி, தெரியாமல் மெஷினைப் போட்டுவிட, அதன் கடகடப்பும் பாட்டுக்குள் விழுந்துவிட்டது. அன்று டாக்டர் என்ன சொன்னார்? "கதவைச் சாத்துங்க, தலை வலிக்குது" என்றார். இன்று அதே கடகடப்புதான் அவருக்கு இசையின் ஆன்மா!

இந்தத் தடவை ஒழுங்கான ஸ்டுடியோவில் ஆல்பம். வெளியிடுவதற்கு முன் தங்கை அதை அண்ணனிடம் கொண்டுவந்தாள். ஊர் என்ன சொன்னாலும் அவளுக்குக் கவலையில்லை. அண்ணன் வாயால் ஒரு "நல்லாருக்கு" வர வேண்டும்.

அவர் கையைக் கட்டி, கண்ணை மூடி, சொத்தைப் பல்லைத் தேடுகிற முகத்தோடு கேட்டார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கும்மா."

"நல்லதுதானே அண்ணா?"

"அந்த மெஷின் சத்தம் எங்கே?"

வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள். இவள் அந்த மெஷினையே வண்டியில் ஏற்றி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், மைக் வைத்துப் பதிவு செய்தாள். அண்ணி அதுவரை கையால் துவைத்தார். டாக்டர் மறுபடி கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வேணும்னே பண்ண மாதிரி இருக்கே. அன்னிக்கு அது தானா கடகடத்துச்சு."

அவள் மெஷினை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, ஆல்பத்தை முதலில் இருந்தபடியே வெளியிட்டாள். பாவம், அதன்பிறகு அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இங்கேதான் என் கடைவாய்ப் பல் கதைக்குள் வருகிறது. டாக்டரின் கிளினிக் நாற்காலியில் நான் வாய் நிறையப் பஞ்சோடு கிடந்தேன். அறையில் மெல்லிசாக ஏதோ பாட்டு. திடீரென்று நாற்காலி மேலே போயிற்று. கீழே வந்தது. மறுபடி மேலே! எட்டிப் பார்த்தால், நாற்காலியை ஏற்றி இறக்கும் மிதிகட்டையின்மேல் டாக்டரின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. புது ஆல்பம்தான். மெஷின் இல்லாதது.

வாசலில் தங்கை. அண்ணிதான் அவளை வரவழைத்து, அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தார்.

"அண்ணா, கால் ஆடுது."

"நாற்காலி ரிப்பேர்ம்மா," என்றார் டாக்டர், என்னை இன்னொரு தடவை மேலே அனுப்பியபடி.

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணீரும் கலந்திருந்தது.

நீங்கள் அந்த இனம் இல்லையே? நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போது, 'இந்த ஆள் முன்பெல்லாம் இன்னும் நன்றாக எழுதுவாரே' என்று தோன்றியிருந்தால், தயவுசெய்து சற்றுக் குனிந்து, உங்கள் கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.